தோல்முட்டைக்கு டானிக் ஊற்றும் முன்

கேள்வியின் சுருக்கம் இதுதான்: மாடியில் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள். தீவனம் அரிசி, கம்பு, மீந்த சோறு, கூடவே கொஞ்சம் பிராய்லர் தீவனம். ஒரு மாதமாக வாரத்துக்கு மூன்று நான்கு தோல்முட்டை, அதாவது ஓடு இல்லாமல் சவ்வு மட்டும் போர்த்திய முட்டை, விழுகிறது. கால்சியம் டானிக்கைத் தண்ணீரில் கலந்து வைத்தும் நிற்கவில்லை. வீட்டில் பாட்டி, சுண்ணாம்பைக் கரைத்து வை என்கிறார். எதைச் செய்வது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டானிக்கை நிறுத்திவிடுங்கள், சுண்ணாம்பும் வேண்டாம். தீவனக் கடையில் ஷெல் கிரிட் என்று கேட்டால் உடைத்த கிளிஞ்சல் தருவார்கள். அதில் ஒரு கிலோ வாங்கி, தீவனத்தோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், மதியத்துக்கு மேல் அந்தக் கிண்ணம் காலியாகவே இருக்கக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் பிரச்சினை இதோடு முடிந்துவிடும். ஏன் மதியத்துக்கு மேல், ஏன் தூளாக இல்லாமல் துண்டாக, இதெல்லாம் செய்தும் நிற்காவிட்டால் எங்கே பார்ப்பது என்பதைத்தான் இனி விரிவாக எழுதப் போகிறேன். இந்த விஷயத்தில் காசை வீணாக்குகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், காசு போனால்கூடப் பரவாயில்லை, கோழியின் எலும்பு அல்லவா கரைகிறது.

கணக்கைப் பாருங்கள். பண்ணை முட்டை ஒன்றின் ஓடு ஐந்திலிருந்து ஆறு கிராம் எடை. அதில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். அதாவது ஒரு முட்டையோடு இரண்டு கிராமுக்குச் சற்று மேல் கால்சியம் வெளியே போகிறது. ஒன்றரைக் கிலோ கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் இருக்கும் கால்சியமே ஏறத்தாழ 20 கிராம்தான். உடம்பில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு முட்டைக்கும் கொடுத்துவிடுகிறது. வருடத்துக்கு 300 முட்டை போடும் பண்ணைக்கோழி தன் எலும்புக்கூட்டைப் போல முப்பது மடங்கு கால்சியத்தை ஓடாக மாற்றி வெளியே தள்ளுகிறது. உங்கள் நாட்டுக்கோழி வருடத்துக்கு அறுபது எழுபதுதான் போடும், முட்டையும் நாற்பது கிராம் அளவில் சின்னது, அதனால் அவ்வளவு பாரம் கிடையாது. ஆனால் அது வருடம் முழுக்கப் பரவலாகப் போடுவதில்லையே, ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு பதினைந்து என்று கிட்டத்தட்ட தினமும் போட்டுவிட்டுத்தான் அடைக்கு உட்காருகிறது. அந்த இரண்டு மூன்று வாரங்களில் அதன் தேவை பண்ணைக்கோழியின் தேவைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

தின்னும் கால்சியம் முழுவதும் உடம்பில் சேராது, பாதியோ கொஞ்சம் கூடவோதான் குடல் வழியாக ரத்தத்துக்குப் போகும். ஆகவே இரண்டு கிராம் வெளியே போக நான்கு கிராம் உள்ளே வரவேண்டும். பண்ணைகளில் லேயர் தீவனத்தில், அதாவது முட்டைக்கோழிக்கான தீவனத்தில், மூன்றரையிலிருந்து நான்கு சதவீதத்துக்கு மேல் வரை கால்சியம் வைப்பது இதனால்தான், 110 கிராம் தின்றால் நான்கு கிராம் சேரும். நாட்டுக்கோழிக்கு மூன்று கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் போடுவதைப் பார்ப்போம். 100 கிராம் அரிசியில் கால்சியம் 10 மில்லிகிராம் அளவுக்குத்தான். கம்பில் 40 மில்லிகிராமை ஒட்டி. தானியங்களிலேயே கால்சியத்துக்குப் பேர்போனது கேழ்வரகு, அதிலும் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம்தான். மூன்று கிராம் வேண்டிய இடத்தில் கேழ்வரகை மட்டுமே வயிறு முட்டப் போட்டாலும் பத்தில் ஒரு பங்குதான் தேறும். பிராய்லர் தீவனத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும், அது கறிக்கு வளரும் குஞ்சுக்கான அளவு, முட்டையிடும் கோழிக்கானது இல்லை. முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் நல்லவைதான், கொடுங்கள், ஆனால் ஒரு கோழி தின்னும் கைப்பிடிக் கீரையில் கிடைப்பது கொஞ்சம்தான். கரையான், புழு எல்லாம் புரதத்துக்கு அருமையான தீனி, கால்சியத்துக்கு அவற்றை நம்ப முடியாது. தானியமும் சோறும் தின்று முட்டை போடும் கோழிக்குக் கல்லோ கிளிஞ்சலோ தனியாகக் கொடுத்தே ஆகவேண்டும், இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

தரையில் மேயும் கோழிக்கு யாரும் கிளிஞ்சல் வைத்ததில்லையே, அது எப்படி நல்ல முட்டை போட்டது என்று கேட்பீர்கள். அது நத்தையைத் தின்றது, மீன் முள்ளைக் கொத்தியது, எலும்புத் துணுக்கைப் பொறுக்கியது, சுண்ணாம்பு அடித்த பழைய சுவரைக் கொத்திக் கொத்திக் குழியாக்கியது. நம்மூர் வீடுகளில் கோழி சுவரைக் கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள், அது பெரும்பாலும் இதற்காகத்தான். சுவரில் அடித்த சுண்ணாம்பு காற்றுப்பட்டுக் காலப்போக்கில் கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடும், அதாவது கிளிஞ்சலும் அதுவும் ஒரே பொருள். மாடியில் நத்தையும் கிடையாது, சுண்ணாம்புச் சுவரும் கிடையாது. பெயின்ட் அடித்த சுவரைக் கொத்தினால் நன்மையைவிடத் தீமைதான்.

(நத்தைக்கும் முட்டைக்கும் உள்ள தொடர்புக்கு ஒரு நல்ல சான்று உண்டு. நெதர்லாந்தில் அமில மழையால் காட்டு மண்ணில் கால்சியம் குறைந்து நத்தைகள் அருகிப்போக, அங்கே கூடு கட்டிய சின்னப் பறவைகள் மெல்லிய ஓட்டோடும் ஓடே இல்லாமலும் முட்டையிட்டதை 1994இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். விஷம் எதுவும் இல்லை, நோயும் இல்லை, நத்தை இல்லை, அவ்வளவுதான்.)

அடுத்தது நேரம். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இதில்தான்.

ஒரு முட்டை உருவாக 24லிருந்து 26 மணி நேரம் ஆகிறது. மஞ்சள் கரு இறங்குவதும் வெள்ளைக்கரு சூழ்வதும் சவ்வு போர்த்துவதும் முதல் நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி பதினெட்டிலிருந்து இருபது மணி நேரம் முட்டை ஓடு சுரக்கும் பையில்தான் கிடக்கிறது. காலையில் முட்டை போடும் கோழிக்கு இந்த வேலையின் பெரும்பகுதி ராத்திரியில் விழுகிறது. அப்போது ரத்தத்திலிருந்து மணிக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் ஓட்டுக்குப் போகிறது, ஒரு நேரத்தில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கால்சியம் முழுவதும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை தீர்ந்து தீர்ந்து நிரம்ப வேண்டும். கோழியோ கூண்டில் தூங்குகிறது, தீனி எடுப்பதில்லை. அப்படியானால் ராத்திரி கால்சியம் எங்கிருந்து வரும்?

இரண்டு இடங்களிலிருந்து. ஒன்று, சாயங்காலம் தின்றதில் குடலுக்குப் போகாமல் மிச்சம் இருப்பது. கோழிக்கறி வெட்டும்போது உள்ளே கல்லும் மண்ணுமாகக் கெட்டியாக ஒரு பை இருக்குமே, அந்த அரைவைப்பையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள கிளிஞ்சல் துண்டுகள் தங்கி மெல்ல மெல்லக் கரையும். மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் தங்காது, தின்ற இரண்டு மூன்று மணி நேரத்தில் கீழே இறங்கிவிடும். பகலில் பத்து மணிக்குத் தின்ற தூள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உதவ வராது.

இரண்டாவது இடம் எலும்பு. கோழி பருவத்துக்கு வரும்போது, முதல் முட்டைக்குச் சுமார் பத்துப் பதினான்கு நாள் முன்பே, தொடை எலும்பு போன்றவற்றின் உள்ளே உள் எலும்பு என்று சொல்லத்தக்க ஒரு புதுப் பகுதி வளர்கிறது. எலும்புக்கு வலு கொடுப்பது அதன் வேலை இல்லை, பகலில் கால்சியத்தைச் சேர்த்து வைத்து ராத்திரியில் எடுத்துக் கொடுக்கும் கிடங்கு அது. பெண் ஹார்மோன் சுரக்கும்போதுதான் அது உருவாகும் என்பதால் சேவலுக்கு இயல்பாக இருக்காது. 2005இல் மேரி ஷ்வைட்சர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு டைரனோசாரஸ் ரெக்ஸ் ஒன்றின் தொடை எலும்புக்குள் இதே போன்ற திசுவைக் கண்டு, அது பெண், முட்டையிடும் பருவத்தில் இறந்தது என்று சொன்னார்கள். உங்கள் மாடிக் கோழி அவ்வளவு பழைய ஏற்பாட்டை உடம்பில் வைத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கும்.

கிடங்கு கிடங்காக இருக்கும்வரை நல்லது. அரைவைப்பையில் துண்டு இல்லாவிட்டால் கோழி ராத்திரி முழுக்கக் கிடங்கிலிருந்தே எடுக்கும், தினமும் இப்படி எடுத்தால் கிடங்கு காலியாகி, வலுவான வெளி எலும்பையும் கரைக்கத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, முட்டை நன்றாகத்தான் இருக்கும். கோழி முதலில் தன்னைக் கரைத்து முட்டையைக் காப்பாற்றும், முடியாமல் போகும்போதுதான் தோல்முட்டை விழும். அதனால் தோல்முட்டை விழத் தொடங்கிய நாளிலிருந்துதான் குறைபாடு என்று கணக்கு வைக்காதீர்கள், அது பல வாரம் முன்பே தொடங்கியிருக்கும்.

எங்கள் அப்பா நாமக்கல் பக்கத்தில் நாலாயிரம் லேயர் வைத்திருந்தார். ஒரு தடவை கிரிட் வந்து சேரத் தாமதமாகிவிட்டது, கையில் சுண்ணாம்புக்கல் மாவு மட்டும் இருந்தது, அதையே கணக்குப் பார்த்துக் கூட்டிப் போட்டோம். காகிதத்தில் கால்சியம் அளவு கொஞ்சமும் குறையவில்லை. ஒரு வாரத்திலேயே காலையில் அட்டையில் அடுக்கும்போது உடைந்தவை கூடிவிட்டன, வயதான கோழிகள் இருந்த வரிசையில் ரொம்ப மோசம். கிரிட் வந்து போட்ட நாலைந்து நாளில் சரியானது. அளவு அதேதான், துண்டின் பருமன்தான் மாறியது. பெரிய பண்ணைகளில் வயதான கோழிக்கு மூன்றில் இரண்டு பங்கைத் துண்டாகவே கொடுப்பதும், சிலர் நள்ளிரவில் ஒரு மணி நேரம் லைட் போட்டுத் தீனி எடுக்க விடுவதும் இதற்காகத்தான்.

கோழிக்கு இது தானாகவே தெரியும் என்பது இன்னொரு விஷயம். கிளிஞ்சலைத் தனியாக வைத்தால் மதியத்துக்கு மேல், ஓடு கட்டும் நேரம் நெருங்கும்போது, அது தேடிப் போய்த் தின்னும். முட்டை போடாத நாளில் குறைவாகத்தான் தொடும். அதனால்தான் தனிக் கிண்ணம் என்றேன். உங்கள் பன்னிரண்டில் சேவல் இருக்கும், அடையில் ஒன்று இருக்கும், இன்னும் முட்டையிடத் தொடங்காத வெடைக்கோழி இரண்டு இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே அளவாகக் கலந்து போட்டால் தேவையில்லாததற்கும் போய்ச் சேரும். கணக்கு வேண்டுமென்றால், முட்டை போடும் கோழி ஒன்றுக்கு நாளைக்கு ஏழெட்டு கிராம் கிளிஞ்சல், சுமாராக ஒரு டீஸ்பூன். கிளிஞ்சலில் 38 சதவீதம் கால்சியம் என்பதால் மூன்று கிராம் ஆகிவிடும். ஆனால் அளந்து கொடுக்க வேண்டாம், கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டு விடுங்கள். மழைத் தண்ணீர் படாமல், எச்சம் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கிளிஞ்சல் கிடைக்காத ஊரில் சுண்ணாம்புக்கல் கிரிட் வாங்கலாம், அதுவும் அதே தரம். வாங்கும்போது கவனம், கருங்கல் கிரிட் என்று ஒன்று தருவார்கள். அது தானியம் அரைக்க உதவும், கரையாது, கால்சியம் தராது. சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டின் மேல் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், நுரைத்தால் சுண்ணாம்புக்கல். கணவாய் ஓடும் நல்லது, நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பார்கள், ஆனால் கோழிக்கு அது கட்டுப்படியாகாது. கூண்டில் வளர்க்கும் லவ் பேர்ட்ஸுக்கு ஒரு துண்டு மாட்டிவைத்தால் போதுமானது.

முட்டை ஓட்டையே திருப்பிக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியில் வறுத்து, ஓடு என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கிப் போடுங்கள். பாதி ஓடாக அப்படியே போட்டால் முட்டையைக் கொத்திக் குடிக்கும் பழக்கம் வந்துவிடும், அது வந்தால் போகாது. ஆனால் ஓடு மட்டும் போதாது. போன இரண்டு கிராமைத் திருப்பிக் கொடுத்தால் பாதிதான் சேரும் என்று மேலே சொன்னேன் அல்லவா, தவிர நீங்கள் விற்கும் முட்டையின் ஓடு திரும்பி வரப்போவதும் இல்லை.

பாட்டி சொன்ன சுண்ணாம்புக்கு வருகிறேன். பாட்டி சொன்னதன் அடிப்படை சரி, முட்டைக்கு வேண்டியது சுண்ணாம்புச் சத்துதான் என்று அவர் அறிந்திருக்கிறார், அந்த அறிவை மதிக்கிறேன். வழிதான் சரிவராது. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு தண்ணீரில் ரொம்பக் கொஞ்சம்தான் கரையும். தெளியவைத்து இறுத்த ஒரு லிட்டர் சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு கிராமுக்கும் குறைவான கால்சியம்தான் இருக்கும். கோழி ஒரு நாளைக்குக் குடிப்பது கால் லிட்டர், கிடைப்பது கால் கிராமுக்கும் குறைவு. தெளியவைக்காமல் பால் போலக் கலக்கி வைத்தால் கால்சியம் கூடும், ஆனால் காரம் தாங்காமல் வாயும் தொண்டையும் புண்ணாகும், கோழி தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடும், தண்ணீர் குறைந்தால் முட்டையே நின்றுபோகும். நீற்றாத கல்சுண்ணாம்பு கோழி இருக்கும் பக்கமே வரக்கூடாது.

டானிக்கின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். புட்டியில் போட்டிருக்கும் அளவைப் படித்து, ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் கால்சியம் சேருகிறது என்று நீங்களே வகுத்துப் பாருங்கள், மூவாயிரம் மில்லிகிராம் தேவைக்கு முன்னால் அது எவ்வளவு என்று புரியும். டானிக் உடனே ரத்தத்தில் ஏறும், அதனால் அவசரத்துக்கு உதவும். முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொண்டு கோழி வாலைத் தாழ்த்தி முக்கிக்கொண்டு நிற்கும்போதோ, எலும்பு கரைந்து கால் தளர்ந்து படுத்துவிடும்போதோ கொடுக்கலாம். கூண்டுக்கோழிகளில் இப்படிப் படுப்பது உண்டு, முட்டை நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த கோழி ஒரு காலையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும், கண் தெளிவாக இருக்கும், பசி இருக்கும், எழ முடியாது. அதை உடனே தரையில் இறக்கி, வெயில் படும் இடத்தில் வைத்து, தண்ணீரும் தீனியும் மூக்குக்கு எட்டும்படி வைத்து, கால்சியம் கொடுத்தால் சில நாளில் எழுந்து நடப்பதைப் பார்க்கலாம். கூண்டிலேயே விட்டால் தண்ணீர் எட்டாமலேயே செத்துவிடும். முட்டை சிக்கிய கோழிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் அடிப்பாகம் நனைய வைத்து, மருத்துவரிடம் கொண்டுபோங்கள், உள்ளேயே முட்டையை உடைத்து எடுக்க முயலவே கூடாது.

சரி, கால்சியம் வைத்தாயிற்று. அது உடம்பில் ஏற இரண்டு துணை வேண்டும். ஒன்று வைட்டமின் டி3. அது இல்லாவிட்டால் குடல் கால்சியத்தை உள்ளே விடாது, கிண்ணம் கிண்ணமாகத் தின்றாலும் எச்சத்தில்தான் போகும். கோழிக்குக் காலிலும் முகத்திலும் இறகில்லாத தோலில் வெயில் பட்டால் உடம்பே தயாரித்துக்கொள்ளும். மாடியில் தகரக் கூரை போட்டு நாலு பக்கமும் பச்சை வலை சுற்றி வளர்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் நேரடி வெயிலில் திறந்துவிடுங்கள். கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது.

இன்னொன்று பாஸ்பரஸ். உள் எலும்பில் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்தே இருக்கும், ராத்திரி எலும்பு கரையும்போது கால்சியம் ஓட்டுக்குப் போகும், பாஸ்பரஸ் சிறுநீரில் போய்விடும். கிடங்கை மறுபடி நிரப்ப இரண்டும் வேண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய உண்டு, ஆனால் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவில் இருப்பதால் கோழிக்குச் சரியாகக் கிடைக்காது, போதாததற்கு அந்தப் பைட்டேட் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். தவிட்டையே பிரதானத் தீனியாகப் போடாதீர்கள் என்பது இதனால்தான். பாதித் தீனியையாவது லேயர் தீவனமாக மாற்றிவிட்டால் பாஸ்பரஸ், டி3 இரண்டு கவலையும் விட்டது, அதில் கலந்தே இருக்கும். பிராய்லர் தீவனத்துக்குச் செலவழிக்கும் காசை இதற்கு மாற்றுங்கள்.

குஞ்சுகளும் வளரும் வெடைகளும் அதே தொட்டியில் தின்றால் மட்டும் லேயர் தீவனம் வேண்டாம். அவற்றுக்கு ஒரு சதவீதக் கால்சியம் போதும். நான்கு சதவீதத்தை வாரக்கணக்கில் தின்னும் குஞ்சின் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையாகப் படிந்து செத்துப்போகும், அறுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு தூவியது போல இருக்கும். கொண்டை சிவந்து, பெட்டை சேவலுக்குப் பணிந்து உட்காரத் தொடங்கும்போதுதான் கிளிஞ்சல் கிண்ணத்தைக் காட்ட வேண்டும். அதற்கு முந்தியும் வேண்டாம், முதல் முட்டை விழுந்தபிறகு என்று தள்ளிப்போடவும் வேண்டாம், கிடங்கு கட்டும் அந்த இரண்டு வாரம் போனால் திரும்ப வராது.

நீங்கள் எழுதியிருப்பது கத்திரி வெயிலில். ஆகவே வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கலாம். ஓடு என்பது கால்சியம் கார்பனேட் என்றேன், அதில் கால்சியத்தைவிடக் கார்பனேட்டின் எடைதான் அதிகம். அந்தக் கார்பனேட் ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயுவிலிருந்து வருகிறது. கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும், அப்படி வேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. கால்சியம் எவ்வளவு இருந்தாலும் சேர்வதற்குக் கார்பனேட் இல்லை. கூடவே வெயிலில் தீனி எடுப்பதும் குறையும். 1980களில் அமெரிக்காவில், சூட்டில் வைத்த கோழிகளுக்குச் சோடாத் தண்ணீர் கொடுத்து ஓடு தேறுகிறதா என்று சோதித்தார்கள், தேறியது. நாம் சோடா வாங்கி ஊற்ற வேண்டியதில்லை. கூரை மேல் தென்னங்கீற்று போட்டு நனைத்து வையுங்கள், மண் பானைத் தண்ணீரை நாளைக்கு மூன்று முறை மாற்றுங்கள், தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் போடுங்கள், உச்சி வெயிலில் போட்டால் தின்னாது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கலக்கச் சொல்வார்கள், அளவு தப்பினால் கெடுதல், மருத்துவரைக் கேட்காமல் கலக்காதீர்கள்.

கால்சியத்துக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. ரத்தக் கழிச்சலுக்கு சல்ஃபா வகை மருந்து கொடுத்திருந்தீர்களா? கார்பனேட் உருவாக உதவும் நொதியை அது தடுத்துவிடும், மருந்து தீரும்வரை ஓடு மெலிந்துதான் வரும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு தின்றால் கல்லீரல் கெட்டு, வைட்டமின் டியைப் பயன்படுத்தும் திறன் போய்விடும். ராத்திரி நாய் விரட்டினாலோ, தீபாவளி வெடிச் சத்தத்திலோ மிரண்ட கோழி அரைகுறை ஓட்டோடு முட்டையைத் தள்ளிவிடும், அல்லது பிடித்து வைத்து மேலே மாவு பூசியது போன்ற முட்டையாகப் போடும். வயதான கோழியின் முட்டை பெரிதாகிக்கொண்டே போகும், ஓட்டுக்குப் போகும் கால்சியம் அதே அளவில் நிற்கும், அதனால் மெலியும். பருவத்துக்கு வந்த வெடையின் முதல் இரண்டு மூன்று முட்டை தோலாக இருந்தால் கவலையே வேண்டாம்.

நோய் என்றால் வேறு மாதிரி இருக்கும். பல கோழிகள் ஒரே வாரத்தில் முட்டை குறைவது, ஓடு சுருக்கம் சுருக்கமாக வருவது, உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுவது, தும்மல், கழுத்து முறுக்கல் என்றால் கிளிஞ்சலோடு நிற்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். வெள்ளைக் கழிச்சல், தொற்று மூச்சுக்குழல் அழற்சி, முட்டை குறைவு நோய் எல்லாமே ஓட்டைக் கெடுக்கும்.

ஒரு சோதனை சொல்கிறேன், சமையலறைத் தராசு இருந்தால் போதும். முட்டையை எடை போடுங்கள், உடைத்துச் சமைத்துவிட்டு ஓட்டைக் கழுவி நன்றாகக் காயவைத்து அதையும் எடை போடுங்கள். ஓடு முட்டை எடையில் ஒன்பது பத்து சதவீதம் இருந்தால் நல்லது, அதாவது 40 கிராம் முட்டைக்கு நாலு கிராமை ஒட்டி. எட்டுக்குக் கீழே போனால் அந்தக் கோழி தன் எலும்பைச் செலவழித்துக்கொண்டிருக்கலாம். வாரம் ஒரு முறை குறித்து வையுங்கள், தோல்முட்டை வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கிளிஞ்சல் வைத்த மூன்று நான்கு நாளில் வித்தியாசம் தெரியத் தொடங்க வேண்டும். இரண்டு வாரம் ஆகியும் தோல்முட்டை விழுந்துகொண்டே இருந்தால், பல பெட்டைகள் போடுகின்றனவா ஒன்று மட்டும் போடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும், கூண்டுக்குக் கீழே காலையில் கிடப்பதால் எது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். பாட்டியையே கேளுங்கள், விடியற்காலையில் கோழியைத் தூக்கி விரல் விட்டுப் பார்த்து இன்றைக்கு முட்டை உண்டா இல்லையா என்று சொல்வது அவருக்குக் கைவந்த வேலையாக இருக்கும். கெட்டியாகத் தட்டுப்படாமல் பை போல நெளிகிற கோழியைப் பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்துவிட்டு, அதன் வயது என்ன, கிளிஞ்சலைத் தின்கிறதா, மற்ற கோழிகள் அதைக் கிண்ணத்துப் பக்கம் விடாமல் கொத்தி விரட்டுகின்றனவா என்று இரண்டு நாள் பாருங்கள். விரட்டுகின்றன என்றால் எதிர் மூலையில் இன்னொரு கிண்ணம் வைத்துவிடுங்கள்.